சின்ன ஆபரேஷன், பெரிய சரித்திரம்

"சின்ன ஆபரேஷன்தாங்க, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்." டாக்டர்கள் எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிற வசனம் இது. கத்தி பிடிக்கிறவங்க பக்கத்துலருந்து பார்த்தா நூத்துக்கு நூறு உண்மை. ஆனா படுக்கப் போறவனுக்கு ரெண்டரை வயசுன்னா? அவனுக்கு அரை மணி நேரம்னா என்னன்னு தெரியாது. 'நாளைக்கு' தெரியாது. முகமூடி போட்ட யாரோ ஒருத்தர் அம்மா கையிலருந்து தன்னைத் தூக்கிட்டுப் போறது மட்டும்தான் தெரியும்.

எங்க வீட்டு வாலுக்கு குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு. (நல்லபடியா முடிஞ்சு, இப்ப கட்டில்லருந்து குதிச்சிட்டிருக்கான். கவலை வேணாம்.) அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம், ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவுல, கிடைச்சதையெல்லாம் படிச்சேன். மருத்துவத்தை விட அதோட வரலாறுதான் என்னை இழுத்துட்டுப் போச்சு. குழந்தை உடம்புல கத்தியோ ஊசியோ படும்போது அது யார் மடியில இருக்கணும், அது கையில என்ன இருக்கணும்? இந்த ரெண்டு கேள்விக்கும் மனுஷங்க ஒரு காலத்துல பதில் தெரிஞ்சு வச்சிருந்தாங்க, நடுவுல தொலைச்சாங்க, அப்புறம் ரொம்பக் கஷ்டப்பட்டு மீட்டாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்துருங்க :-)

முதல்ல வியாதி. ஆண் குழந்தை அம்மா வயித்துல இருக்கும்போது விதைகள் வயித்துக்குள்ளருந்து கீழ இறங்கும். இறங்குற வழியில வயித்து உள்சவ்வு ஒரு சின்னப் பை மாதிரி கூடவே வரும். அந்தப் பை தானா மூடிக்கணும். சில பேருக்கு மூடாது. குழந்தை அழும்போதும் முக்கும்போதும் குடல் அதுக்குள்ள சரிஞ்சு, தொடை இடுக்குல புடைச்சு நிக்கும். எங்க போடி பக்கம் 'குடல் எறங்கிருச்சு'ன்னு சொல்லுவாங்க. எறங்குன குடல் சிக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னா ஆபத்து. அதனால டாக்டர்கள் இதுக்குக் காத்திருக்க மாட்டாங்க. பெரியவங்களுக்கு வலை வச்சுத் தைப்பாங்க. குழந்தைக்கு அதெல்லாம் கிடையாது, பையோட கழுத்தைக் கட்டி விட்டா போதும். நிஜமாவே சின்ன ஆபரேஷன்தான்.

தாய்மாமன் மடி

நம்ம ஊர்க் குழந்தைகளோட முதல் ஆபரேஷன் எதுன்னு நினைக்கிறீங்க? காது குத்து! சிரிக்காதீங்க. உடம்புல ஆயுதம் போட்டுத் துளை போடுறது கணக்குப்படி ஆபரேஷன்தான். குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில உக்கார வச்சு, ஆசாரி வந்து குத்துவார். ஒரு பெரியம்மா கிலுகிலுப்பை ஆட்டும், ஒரு சித்தி வாயில மிட்டாய் திணிக்கும். மைக்செட்டு அலறும். குழந்தை 'வீல்'னு கத்தும், ரெண்டு நிமிஷத்துல மாமா சட்டைப் பையைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சிரும்.

இதை வெறும் சீர்வரிசை சமாச்சாரம்னு ஒதுக்கிர முடியாது. சுசுருத சம்ஹிதைன்னு ஒரு பழைய சமஸ்கிருத அறுவை சிகிச்சை நூல் இருக்கே, மூக்கு ஒட்டு அறுவைக்குப் பேர் போனது, அதுலயே காது குத்துறதுக்கு முறை சொல்லியிருக்கு. குழந்தைக்கு ஆறாவது இல்ல ஏழாவது மாசம். செவிலித்தாய் மடியில உக்கார வைக்கணும். விளையாட்டுச் சாமான் காட்டி மயக்கணும். வைத்தியர் இடது கையால காதை இழுத்துப் பிடிச்சு, வெயில் ஊடுருவித் தெரியிற மெல்லிசான இடத்தைப் பார்த்து, வலது கையால மெதுவா நேராக் குத்தணும்.

எங்க குத்தணும், எந்தக் கையால குத்தணும்னு சொல்ற அதே மூச்சுல மடியும் பொம்மையும் வருது பாருங்க. வைத்தியர் மனசு வச்சா செய்யலாம்ங்கிற கூடுதல் விஷயமா இல்ல, செய்முறையோட ஒரு படியாவே எழுதி வச்சிருக்காங்க. நம்ம பாஷைல சொன்னா, டாக்குமெண்டேஷன்லயே இருக்கு.

நியூகாஸில் என்ற ஊர்

அடுத்து இங்கிலாந்துக்குத் தாவுறோம். ஏன்னா, நம்ம ஆஸ்பத்திரிகளோட விதிமுறைகள் பெரும்பாலும் அங்கருந்து கப்பல்ல வந்தவை.

1846 அக்டோபர்ல அமெரிக்காவோட பாஸ்டன்ல ஈதர் மயக்கத்துல ஆபரேஷன் செஞ்சு காட்டினாங்க. 1847 நவம்பர்ல எடின்பரோவுல சிம்ப்சன் குளோரோபார்மைக் கொண்டு வந்தார். ரெண்டே மாசம். 1848 ஜனவரி 28, நியூகாஸில் பக்கத்துல ஹன்னா கிரீனர்னு ஒரு 15 வயசுப் பொண்ணு. கால் விரல் நகத்தை எடுக்கணும், அவ்வளவுதான். குளோரோபார்ம் கொடுத்த சில நிமிஷத்துல இறந்து போனா. குளோரோபார்ம் மரணம்னு முதல்ல பதிவானது அவளோடதுதான். ஆபரேஷன் சின்னதா இருந்தாலும் மயக்கம் சின்னது இல்லைன்னு உலகம் அன்னிக்குக் கத்துக்குச்சு.

அதே நியூகாஸில்ல 1937-ல பிலிப் ஏர்ங்கிற மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்ன 'டி' வடிவக் குழாயைக் கொண்டு வந்தார். பெரியவங்களுக்குச் செஞ்ச கருவியில மூச்சை இழுத்து விட பிஞ்சு நுரையீரல் திணறும். இவர் குழாய்ல வால்வே கிடையாது, காத்து சுலபமா போய் வரும். உதடு பிளந்து பிறந்த குழந்தைகளோட ஆபரேஷனுக்காக அதைச் செஞ்சார். அவரே பிளவு உதட்டோட பிறந்தவர். அதே ஊர்ல 1920-கள்லயே ஜேம்ஸ் ஸ்பென்ஸ்ங்கிற குழந்தை மருத்துவர், வியாதிக் குழந்தையோட அம்மாவையும் சேர்த்து ஆஸ்பத்திரியில தங்க வச்சார். ஒரே ஊர்ல மூணு அத்தியாயம்!

கிளாஸ்கோவுல ஜேம்ஸ் நிக்கால்னு இன்னொருத்தர். 1909-ல தன்னோட பத்து வருஷக் கணக்கை வெளியிட்டார். குழந்தைகளுக்கு 8,988 ஆபரேஷன். அதுல கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூணு வயசுக்குள்ள. குடலிறக்கமும் உண்டு, பிளவு உதடும் உண்டு. யாரையும் வார்டுல படுக்க வைக்கல. ஆபரேஷன் முடிஞ்சதும் அம்மா தூக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம். பால்குடிக் குழந்தையோட அம்மாக்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்க ஒரு வீடும் ஏற்பாடு பண்ணினார். குழந்தையையும் அம்மாவையும் பிரிக்கிறது தேவையில்லாத வேலை, வார்டுல படுக்க வச்சாலும் இதை விட நல்ல பலன் வராதுன்னு அவர் கட்சி. இன்னிக்கு நாம 'டே கேர் சர்ஜரி'ன்னு பில்லுல பார்க்கிறது அவர் போட்ட விதை.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் பெரிய ஆஸ்பத்திரிகள் கேட்கல. 1949-ல லண்டன் ஆஸ்பத்திரிகளோட பார்வையாளர் நேரத்தை ஒரு கணக்கெடுப்புல தொகுத்திருக்காங்க. படிச்சா வயிறு கலங்குது. கைஸ் ஆஸ்பத்திரி: ஞாயிறு மட்டும், 2 மணியிலருந்து 4 மணி வரை. செயின்ட் தாமஸ்: முதல் மாசம் பார்க்கவே கூடாது, ராத்திரி 7-லருந்து 8-க்குள்ள தூங்குற குழந்தையைப் பார்த்துக்கலாம். லண்டன் ஆஸ்பத்திரி: மூணு வயசுக்குக் கீழன்னா கிட்டப் போகக் கூடாது, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம். பெத்தவங்க வந்தா தொற்று வரும், அவங்க போனதும் குழந்தை அழும், வார்டு அமைதி கெடும்னு காரணம் சொன்னாங்க. 'வராம இருந்தா குழந்தை செட்டில் ஆயிரும்'னு நம்பினாங்க.

லாரா

அந்த நம்பிக்கையை உடைச்சது ஒரு சினிமா. ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒரு சமூகப் பணியாளர். லண்டன்ல ஜான் பௌல்பியோட வேலை பார்த்தவர். 'செட்டில் ஆன' குழந்தை நிஜத்துல நம்பிக்கை விட்டுப்போன குழந்தைன்னு எழுதிப் பார்த்தார், யாரும் நம்பல. கேமராவைத் தூக்கினார். 1952-ல வந்த அந்தப் படத்தோட பேரைத் தமிழ்ல 'ரெண்டு வயசுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிறது'ன்னு சொல்லலாம். லாராவுக்கு ரெண்டு வயசு அஞ்சு மாசம். தொப்புள் குடலிறக்கம். எட்டு நாள் ஆஸ்பத்திரி.

இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் எந்திரிச்சு கை தட்டினான். மோசமா அழுற குழந்தையாப் பார்த்துப் பொறுக்கிட்டான்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு, காத்திருப்புப் பட்டியல்லருந்து குருட்டாம்போக்குல ஒரு பேரை எடுத்தார். அழுற நேரமாப் பார்த்து எடுத்தான்னு சொல்லக் கூடாதுன்னு, தினமும் குறிச்ச ரெண்டு நேரத்துல மட்டும் எடுத்தார். சாட்சிக்கு வார்டு சுவர்க் கடிகாரமும் படத்துல தெரியும். ரேண்டம் சாம்பிளும் டைம்ஸ்டாம்பும், 1952-ல!

வந்து சேர்ந்தது நல்ல அடக்கமான குழந்தை. ஊரைக் கூட்டி அழல. நடுநடுவுல சின்னக் குரல்ல அம்மாவைக் கேக்கும், பொம்மையை இறுக்கிப் பிடிச்சுக்கும், முகத்தைத் துடைச்சுக்கும். வீட்டுக்குப் போற அன்னிக்குத் தன்னோட சாமான் ஒண்ணு விடாம எடுத்துக்குது, அம்மா கையைப் பிடிக்க மட்டும் மாட்டேங்குது. அந்தக் காட்சிக்கு வசனமே தேவையில்ல. டாக்டர்கள் சபையில திரையிட்டப்ப, பொய், மிகைன்னு கோபப்பட்டவங்க நிறைய. ஆனா படம் நின்னுது. 1959-ல பிளாட் குழு அறிக்கை வந்துது: பெத்தவங்க எப்ப வேணா வரலாம், சின்னக் குழந்தைகளோட அம்மா கூடத் தங்க வசதி வேணும், வார்டுல விளையாட இடம் வேணும். அறிக்கை அலமாரியில தூங்காம இருக்க 1961-ல லண்டன்ல அம்மாக்களே ஒரு சங்கம் ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய்க் கேட்டாங்க.

லாராவுக்கு வந்த தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிரும். இன்னிக்கா இருந்தா அவளை அந்த வயசுல பெரும்பாலும் ஆபரேஷன் டேபிள்லயே ஏத்தியிருக்க மாட்டாங்க.

நம்ம கதை

'எங்க ஊர்ல அம்மாவைப் பிரிச்சதே இல்லையே'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம்னு பார்த்தேன். பாதிதான் முடிஞ்சுது. நம்ம அரசு ஆஸ்பத்திரி வார்டுல கட்டிலுக்குக் கீழ பாயை விரிச்சு அம்மா படுத்திருப்பா. அது கொள்கை இல்ல, நர்ஸ் பத்தாக்குறை. சோறு ஊட்ட, துணி மாத்த, டிரிப்ஸ் தீர்ந்துச்சுன்னு ஓடிப்போய்ச் சொல்ல ஆள் வேணும். காரணம் எதுவா இருந்தாலும் குழந்தைக்கு அம்மா வாசனை கிடைச்சுது. ஆனா ஆபரேஷன் தியேட்டர் கதவுல மட்டும் பழைய லண்டன் விதியை அப்படியே வச்சிருந்தோம். கதவு வரைக்கும்தான் அம்மா.

எங்க மலைப்பக்கத்துக்கு இது இன்னும் கஷ்டம். முன்னாடி போடிக்காரங்களுக்குப் பெரிய வைத்தியம்னா மதுரைதான். ரயில்ல 90 கிலோமீட்டர். 1928-ல வந்த அந்தப் பாதையை அகலப் பாதையாக்க 2010 கடைசில மூடி, 2023 ஜூன்லதான் போடி வரைக்கும் மறுபடி ரயில் விட்டாங்க. தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004-ல வந்த பிறகு தூரம் குறைஞ்சுது. ஆனா ரோடு போகாத மலைக் கிராமத்துல நோயாளியை டோலி கட்டித்தான் இறக்கணும்.

காலையில போடியில நின்னு பார்த்தா தெரியும், ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளையாட்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் வரிசையா மெட்டு ஏறும். பிள்ளை அம்மாச்சிகிட்டயோ அக்காகிட்டயோ இருக்கும். 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல வேலை பார்க்கிற தோட்டத்துல பிள்ளைகளைப் பார்த்துக்க இடம் வேணும்னு சொல்லுச்சு. ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் சின்னது, அந்தக் கணக்குக்குள்ளயே வராது. அப்படிப்பட்ட அம்மாவுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரின்னா ஒரு நாள் கூலி போச்சு. ஒரு வாரம்னா? நிக்கால் மனசுல வச்சிருந்ததும் கிளாஸ்கோவோட கூலிக்காரக் குடும்பங்களைத்தான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புற ஆபரேஷன் அவங்களுக்கு வசதி மட்டும் இல்ல, வயித்துப் பாடு.

மடி மட்டும் போதுமா?

இந்த இடத்துல கதை கொஞ்சம் திரும்புது. 1990-கள்ல அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல ஸீவ் கெயின் குழு இதை அளந்து பார்த்துச்சு. மயக்கம் கொடுக்கும்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்துல நின்னா பயம் குறையுமா? எதிர்பார்த்த அளவுக்குக் குறையல. முன்கூட்டியே கொடுக்கிற மிடசோலம்ங்கிற மருந்து அதை விட நல்லா வேலை செஞ்சுது. பின்னாடி பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்பவும் அதே கதை: கூட நிக்கிறது மட்டும் பெருசா உதவல. கோமாளி வேஷம் போட்ட ஆள், கையில கேம், சத்தமும் வெளிச்சமும் குறைச்ச அறை, இதுக்கெல்லாம் ஓரளவு பலன் தெரிஞ்சுது.

அதாவது, நடுங்கிட்டு நிக்கிற அம்மாவைப் பார்த்தா குழந்தையும் நடுங்கும். மடியோட விளையாட்டும் வேணும். சுசுருதர் ரெண்டையும் சேர்த்துத்தானே எழுதினார்!

எங்க வாலோட விளையாட்டு ஒண்ணே ஒண்ணுதான், ஜீப்பு. அப்பத்தா ஏலக்காய் பொறுக்குற முறம்தான் ஜீப்பு. அதுல உக்காந்து 'மெட்டுக்குப் போறேன்'னு கிளம்புவான். போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. வீட்டுக்குள்ள கட்டில் ஒரு வளைவு, கிரைண்டர் ஒரு வளைவு. ஒவ்வொண்ணுலயும் ஹாரன் அடிக்கணும், எண்ணிக்கை மட்டும் அவன் இஷ்டம். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி தங்கமணி அந்த விளையாட்டுல ஒரு புது ஐட்டம் சேர்த்தா. பிளாஸ்டிக் டம்ளரை மூக்கு மேல வச்சு 'ஜீப்பு டயருக்குக் காத்தடிக்கணும், ஊது'. அப்பத்தாவுக்கும் டம்ளர், எனக்கும் டம்ளர். மூணு தலைமுறையும் மூக்குல டம்ளரோட உக்காந்திருந்த கோலத்தை யாரும் படம் பிடிக்காதது நல்லது.

மயக்க மருந்து டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னோம். சிரிச்சுட்டு, அம்மா கவுன் போட்டு உள்ள வரட்டும்னுட்டாங்க. தள்ளுவண்டி ஜீப்பாச்சு, முகமூடி டயர் பம்பாச்சு. "அம்மா, எத்தனையாவது வளைவு?"ன்னு கேட்டிருக்கான். ஆறாவது வளைவுல தூங்கிட்டானாம். நான் கதவுக்கு வெளிய பெஞ்சுல பதினேழையும் மறுபடி மறுபடி எண்ணிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்த மறுநாள் முறத்துக்கு ஆபரேஷன் பண்ணினான். அதுக்கு அடுத்த நாள் அப்பத்தாவுக்கு. "அழாத, அம்மா இங்கதான் இருக்கேன்"னு அப்பத்தாவுக்கு ஆறுதல் வேற :-)

இதுக்கு மருந்து பக்கத்துலயும் ஒரு வரலாறு இருக்கு. ஈதர் நாத்தம் தாங்காது. 1956-ல நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச ஹாலோத்தேன் வாடை மென்மை. 1990-ல ஜப்பான்ல புழக்கத்துக்கு வந்த செவோஃப்ளூரேன் இருமல் எரிச்சல் இல்லாம உள்ள போகும். டம்ளர் விளையாட்டு பலிச்சதுக்கு அதுவும் காரணம்.

எல்லா அப்பா அம்மாவுக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற கேள்வி: மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா? குடலிறக்க ஆபரேஷன் ஆன 722 கைக்குழந்தைகளை வச்சு ஏழு நாடுகள்ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு முழிச்சிருக்கும்போதே மரத்துப்போக ஊசி. 2019-ல வந்த முடிவு: ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே ஒரு மயக்கத்தால, அஞ்சு வயசுல அறிவு வளர்ச்சியில வித்தியாசம் எதுவும் தெரியல. நான் அன்னிக்குத்தான் தூங்கினேன்.

உங்க வீட்டுல இப்படி ஒண்ணு வந்தா, தேதி குறிக்கும்போதே கேட்டு வச்சுக்கிறதுக்கு நாலு கேள்வி:

1. குழந்தை தூங்குற வரைக்கும் எங்கள்ல ஒருத்தர் உள்ள இருக்கலாமா? இல்லைன்னா, கதவுலயே அமைதி மருந்து கொடுப்பீங்களா?

2. கடைசிச் சோறு எப்ப, கடைசிப் பால் எப்ப, கடைசித் தண்ணி எப்ப? மூணுக்கும் நேரம் வேற வேற. 'ராத்திரிலருந்து பட்டினி'ன்னு பொதுவாச் சொன்னா, நிதானமா மறுபடி கேளுங்க.

3. கண் முழிக்கும்போது யார் பக்கத்துல இருப்பாங்க?

4. அவனோட பொம்மை உள்ள வரலாமா?

நாலாவதைக் கேக்கும்போது கூச்சப்படாதீங்க. உள்ள யார் போறதுன்னு வீட்டுல முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க. கை நடுங்காத ஆள் போகட்டும். அம்மாவா இருக்கலாம், அப்பாவா இருக்கலாம், தாய்மாமனாவும் இருக்கலாம்.